முன்விளக்கில் ஒளிகாலும் இருவாயி

இழை மின்குமிழ் எல்லாத் திசைகளிலும் ஒளியைக் காலும். ஒளிகாலும் இருவாயி (எல்.ஈ.டி.) பிரதானமாக ஒரு பக்கத்துக்கே காலும். எனவே மோட்டார் வாகன முன்விளக்கின் ஆடியும் வில்லையும் அதற்கேற்ப வடிவமைக்கப்படல் வேண்டும்.

1. ஆடி வகை: இருவாயி பரவளைவாடியின் குவியத்தில் வைக்கப்படும். தெறிகதிர்கள் தலைமை அச்சுக்குச் சமாந்தரமாகச் செல்லும்.

2. வில்லை வகை: குவிவு வில்லையின் குவியத்தருகே உள்ள தகடு ஒளியின் கீழ்ப்பகுதியை மறைக்கும். விம்பம் தலைகீழாவதால் வீதியில் மேற்பகுதியே இருளாகும். எதிரே வருபவரின் கண் கூசாது.

கவனிக்க: இழை மின்குமிழுக்கென அமைந்த ஆடியில் இருவாயியைப் பொருத்தினால் ஒளிமுதல் குவியத்திலிருந்து விலகக்கூடும். அப்போது கதிர்கள் சிதறி எதிரே வரும் சாரதியின் கண்ணைக் கூசச்செய்யும்; விபத்து நேரலாம்.

உங்களுக்கு ஒரு வினா: தகடு மேற்பகுதியை மறைத்தால் வீதியில் எப்பகுதி இருளாகும்?
விடை: கீழ்ப்பகுதி.