கண்ணெழுத்தும் பட்டைக்குறியும்: களஞ்சியக் கணக்கு பற்றிய ஒரு நோக்கு

பண்டப்பொதியில் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் தமிழர் வணிகத்தில் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொதிகள் உரியவரின் பெயரும் கண்ணெழுத்தும் எண்ணும் தாங்கியிருந்தமையைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை கூறும். பட்டினப்பாலை, புலி இலச்சினை பொறித்த பண்டங்களைக் காட்டும். முன்னது உடைமையின் அடையாளம். பின்னது அரசின் சுங்க அதிகாரத்தின் அடையாளம். இன்றைய களஞ்சியசாலையிற் பொதிமீது ஒட்டப்படும் பட்டைக்குறி எதன் அடையாளம் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

பட்டைக்குறிக்கான முதற் காப்புரிமையை 1952 இல் ஐக்கிய அமெரிக்காவில் வுட்லண்ட், சில்வர் ஆகிய இருவர் பெற்றனர். 1974 ஜூன் 26 ஆந் திகதி ஒகாயோ மாநிலக் கடையொன்றிற் சுவிங்கம் பொதியொன்று முதன்முதலாக ஒளிவருடியால் வாசிக்கப்பட்டது. இம்முறை விற்பனை மேசையில் மட்டுமன்றி உற்பத்திக் களத்திலும் இடம்பெற்றது.

அதன் தொழிற்பாட்டினை நமக்குப் பழக்கமான சூழலில் வைத்து நோக்குவோம். கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெல், உயிலங்குளத்து ஆலையொன்றில் அரிசியாகின்றது எனக் கொள்வோம். அரிசி மூடையில் நிரப்பப்பட்டதும் அதற்கேயுரிய தனியெண் கொண்ட சீட்டு ஒட்டப்படும். தொழிலாளி அதனை ஒளிவருடியால் வாசித்த கணத்தில் மூன்று பதிவுகள் நிகழ்கின்றன: முடிவுற்ற உற்பத்தி ஒரு மூடையாற் கூடுகின்றது, மூடை வைக்கப்படும் இடம் குறிக்கப்படுகின்றது, அதற்குச் செலவான நெல் இருப்பிலிருந்து கழிக்கப்படுகின்றது. தனியெண் இருப்பதால் ஒரே மூடை இருமுறை கணக்கில் ஏறாது. ஏட்டில் எழுதி மாலையிற் கூட்டும் பழைய முறையினும் இது விரைவும் திருத்தமும் உடையது என்பதில் ஐயமில்லை.

எனினும் மூன்றாவது பதிவு கூர்ந்து நோக்கற்பாலது. பல அமைப்புகளில் நெல் அவ்வேளை நிறுக்கப்படுவதில்லை. முன்னரே வகுத்த விகிதப்படி கழிக்கப்படுகின்றது. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்பது விகிதமாயின், 25 கிலோ மூடைகள் 20 வாசிக்கப்பட்டதும் ஏறத்தாழ 769 கிலோ நெல் கணக்கிலிருந்து மறைகின்றது. நெல் ஈரமாகவோ பதர் மிகுந்தோ இருப்பின், உண்மையிற் செலவாவது அதனினும் அதிகம். மாத முடிவில் இருப்பை நிறுக்கும்போது குறைவு வெளிப்படும். குறைவுக்குப் பொறுப்பாளி யார்? விகிதத்தை வகுத்தவர் களத்தில் இல்லை. ஒளிவருடியைப் பிடித்த கை மட்டுமே பதிவிலிருக்கின்றது.

மனிதரிடையேயான உறவுகள் பண்டங்களிடையேயான உறவுகளாகத் தோற்றம் பெறுவதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். பட்டைக்குறி அத்தோற்றத்தைக் கணக்கு வடிவிற் காட்டுகின்றது. கண்ணெழுத்தைக் கற்றவர் கண்ணால் வாசிக்கலாம். பட்டைக்குறியின் கீழுள்ள இலக்கங்களையும் தொழிலாளி வாசிக்கலாம். ஆனால் அவ்விலக்கங்கள் திறக்கும் ஏடு அவர் கையில் இல்லை.

எனவே கருவியை வெறுப்பது தீர்வாகாது. ஒவ்வொரு வேலைமுறையின் முடிவிலும் நெல்லை உண்மையாக நிறுத்தல், விளைவித்தவரின் தொகுதியெண்ணைச் சீட்டிற் பொறித்தல், பதிவைத் தொழிலாளியும் விவசாயியும் பார்க்க உரிமையளித்தல் ஆகிய மூன்றும் கோரப்படவேண்டும். அப்போதே உழைத்தவர் தம் உழைப்பின் கணக்கைத் தாமே சரிபார்க்க இயலும்.