நாய் பூனைகளின் குடலில் வாழும் கிருமிகள்

பெரியாற்றுப் பாசனத்தால் நெல் விளையும் மேலூர் வட்டாரத்துக் குடியானவர் பலர், களத்தைக் காக்க நாயும், எலிகளை ஒழிக்கப் பூனையும் வளர்த்து வருகின்றனர். அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் எஞ்சிய சோறும் கஞ்சியுமே. அவ்வாகாரம் உடலில் ஒட்டுவது, குடலில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளையும் பொறுத்ததாகும்.

கிருமி என்றதும் வியாதியையே பலரும் எண்ணுவர். ஆயின் நாயின் பெருங்குடலில் கோடானுகோடியாக வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பல நன்மை செய்பவை. ஜீரணமாகாத நார்ப்பொருளை அவை புளிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு ஊட்டமளிக்கும் அமிலங்களை உண்டாக்குகின்றன. நோய்க்கிருமிகள் குடியேறாமலும் தடுக்கின்றன. பிறக்கும்போதும், தாய் நக்கும்போதும் குட்டிகள் இவற்றைப் பெறுகின்றன.

ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதன் காரணத்தை 2013-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் விளக்கினர். ஆகவே சோறும் கேழ்வரகுக் களியும் நாய்க்கு ஒவ்வும். முட்டையோ மீனோ இறைச்சியோ சேர்த்தல் அவசியம். பூனையோ மாமிசத்தாலேயே வாழ்வது. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்குவதில்லை. பித்தநீர் வழியே குடலுக்கு வரும் டாரினில் ஒரு பகுதியைக் குடற்கிருமிகளும் சிதைத்துவிடுகின்றன. இக்குறைவு நீடித்தால் கண்பார்வை கெடும்; இருதயமும் தளரும். எலியுடலில் இச்சத்து மிகுந்துள்ளதால், வேட்டையாடும் பூனைக்கு அச்சமில்லை. அடைத்து வைத்துச் சோறு மட்டும் இடப்படும் பூனைக்கே இக்கேடு நேரும்.

வளர்ந்த பிராணிகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. அதனைக் குடற்கிருமிகள் புளிக்கச் செய்வதால் வயிறு உப்பிக் கழிச்சல் உண்டாகும். ஆகாரத்தை மாற்றுவதாயின், கிருமிகள் பழகுமாறு ஒரு வாரகாலத்தில் சிறிது சிறிதாக மாற்றுக.

கழிச்சல் கண்டவுடன், மனிதருக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் தவறு. மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் நற்கிருமிகளையும் அழிக்கும்; அவை முன்னிலைக்கு மீளப் பல வாரங்கள் செல்லலாம். மேலும், குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் காண்பது பார்வோ வைரஸினால் இருக்கலாம். அவ்வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. உடலில் நீர் வற்றிச் சில தினங்களிலேயே குட்டி மடியும். ஆதலின் அன்றைய தினமே அதனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். பிறந்து 6 முதல் 8 வாரங்களில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாது போட்டுவரின் இந்நோயைத் தடுக்கலாம்.