இரட்டைக்குழல் துப்பாக்கியின் முன்கட்டைத் தாழ்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகளால் சேதம் உண்டாவது விவசாயிகள் அறிந்ததே. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை லைசென்சுடன் வைத்திருப்போர் அதன் முன்கட்டைத் தாழைக் கவனித்தல் அவசியம். முன்கட்டை வெறும் கைப்பிடியன்று; குழல்களைக் கீலோடு பொருத்தி நிறுத்துவதும் அதுவே. தாழ் தளர்ந்தால், துப்பாக்கியை மடக்கித் திறக்கையில் குழல்கள் கழன்று விழக்கூடும்.

இரு குழல்களிலும் தோட்டா இல்லையென நேரில் கண்ட பின்னரே சோதிக்க வேண்டும். தளர்ச்சிக்குக் காரணங்கள் மூன்று:

1. எண்ணெய் ஊறி மரம் மெலிந்து, திருகாணி தளர்தல். துளையில் வைரம் பாய்ந்த மரமுளை அடித்துத் திருகாணியை மீண்டும் முடுக்குதல் பரிகாரம்.

2. தாழின் வில் சோர்தல். புதுவில் இடவேண்டும்.

3. தாழும் குழலடிக் கொக்கியும் தேய்தல். தாழைக் கழற்றி, அதில் உலோகம் சேர்த்து, அரத்தால் அளவுக்கு இழைக்கவேண்டும். கொக்கியைக் காய்ச்சலாகாது, குழல்களைப் பிணைத்துள்ள ஈயப்பற்று இளகிவிடும்.

தோலோ காகிதமோ செருகி இறுக்குதல் குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, பழுதுபார்க்கும் லைசென்ஸ் பெற்ற கம்மியரிடமே இவ்வேலையை ஒப்படைக்கவேண்டும். இப்பகுதி மலைக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகும். துப்பாக்கி லைசென்ஸ் இருப்பினும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிப் பன்றியைச் சுடுதல் குற்றமென்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பது நலம்.