வீட்டில் வைத்துப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா?

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் அம்மாவுக்கு, பெரிய செலவு அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள், டயப்பர், காற்று மெத்தை, பிசியோதெரபி, மூக்குக் குழாய் மாற்றுவது என்று மாதக்கணக்கில் நீளும். பாலிசி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஏஜென்சியில் சொல்லி ஆள் வைத்துவிடுகிறோம். மாதம் முடிந்து பில்லை அனுப்பினால் கிளைம் நிராகரிக்கப்படுகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பாலிசியிலேயே இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் 'எக்ஸ்க்ளூஷன் 05' என்று ஒன்று உண்டு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்ற அன்றாடப் பராமரிப்புக்குப் பணம் கிடையாது என்கிறது அது. பயிற்சி பெற்ற நர்ஸ் செய்தாலும் சரி, பயிற்சி இல்லாத ஆள் செய்தாலும் சரி. இனி குணமாகாது என்ற நிலையில் இருப்பவருக்கான ஆதரவுச் சேவைகளும் இதில் அடங்கும். முதியவர்கள் பெருகிவரும் நாட்டில் இந்த விலக்கு நியாயமில்லை, மாற்றப்பட வேண்டியது. ஆனால் மாறும்வரை அதை அறிந்துதான் நடக்க வேண்டும்.

விலக்கு பராமரிப்புக்குத்தான், சிகிச்சைக்கு அல்ல. பல பாலிசிகளில் 'டொமிசிலியரி' என்ற பிரிவு இருக்கும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு நோய் இருந்தும், நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் இடமில்லை என்றால், வீட்டில் நடக்கும் சிகிச்சைக்கு இதில் கேட்கலாம். குறைந்தது மூன்று நாள் என்ற நிபந்தனை வழக்கம். ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் இதிலிருந்து நீக்கிவிடுகின்றன. முதியவர்களுக்கு வருவதே அவைதானே!

கொரோனா காலத்தில் பரவலான 'ஹோம் கேர்' பிரிவு இன்னொன்று. வீட்டில் சிகிச்சை தேவை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அன்றன்று கொடுத்த மருந்து, பார்த்த அளவுகள் எல்லாம் டாக்டர் கையெழுத்துடன் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்தபின் பாலிசி அனுமதிக்கும் நாட்களுக்குள் ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவும் தனியாகக் கிடைக்கும். சில பாலிசிகளில் நாள் வரம்போடு நர்ஸ் செலவும் உண்டு.

இங்கேதான் பில்லைக் கவனிக்க வேண்டும். 'பராமரிப்புக் கட்டணம், ஒரு மாதம்' என்று ஒரே வரியில் ரசீது வந்தால் அது நேராக விலக்கில் போய் விழும். படுக்கைப்புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றியது, ஊசி, பிசியோதெரபி என்று செய்த சிகிச்சையைத் தேதிவாரியாக, செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் போட்டுக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே 'வீட்டில் இன்னின்ன சிகிச்சை தொடர வேண்டும்' என்று டாக்டர் எழுதியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதற்காகப் பராமரிப்பைச் சிகிச்சை என்று மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், அது மோசடி. 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியின் கிளைமைப் பழைய நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். வீட்டுக்கே வருவது தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவையும் அதில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை.

பிரீமியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்துவிட்டது.

நியாயமான கிளைமை மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் செய்ய வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் உங்கள் புகாரை நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியை மறக்காமல் குறித்து வையுங்கள்.