டிரெய்லரிலும் பாரம் பார்க்க வேண்டும்

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கச் செல்லும் தாமிரபரணிக்கரை உழவர்கள், அரிசி, பாத்திரம், கூடாரத் துணி எனச் சாமான்கள் பல கொண்டு செல்வர். நெல்லும் வாழைத்தாரும் சுமக்கும் இருசக்கர டிரெய்லர் இதற்கும் உதவும்.

மாட்டு வண்டியைப் போலவே இதிலும் முன்பாரம், பின்பாரம் பார்க்க வேண்டும். பின்பாரம் கூடினால் முன்புறம் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு குறைந்து வண்டி ஆடும். எனவே கனமான மூட்டைகளை இருசுக்குச் சற்று முன்னால், அடியில் அடுக்கவும். இலேசானவற்றை மேலே வைத்து இறுக்கிக் கட்டவும். இணைப்பு ஊசியுடன் காப்புச் சங்கிலியும் அவசியம். பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டவும்.

பாபநாசத்திற்கு மேல் மலைப்பாதை. இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டலாகாது. எந்த வண்டிக்கு அனுமதி என்பதை வனத்துறையிடம் முன்னரே கேட்டறியவும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. சாமான் டிரெய்லரில் போகட்டும். குடும்பத்தார் பேருந்தில் செல்லட்டும்.