நடுங்குகிற கையும் பத்து எடுக்கும்!

“டாக்டர், இவளுக்குக் கை நடுங்குது. அது நிற்கிற மாதிரி ஒரு லேகியமோ சூரணமோ குடுங்க. அடுத்த மாசம் போட்டி இருக்கு!”

மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்குப் பதினாலு வயது. சின்ன வயதில் இழுப்புக்காக என்னிடம் வந்த குழந்தைதான். நாடி பார்த்தேன். கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தேன். நம் எல்லோருக்கும் இருக்கிற இயல்பான அசைவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“என்ன போட்டிம்மா?”

“பிஸ்டல் ஷூட்டிங் டாக்டர். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். மூணு மாசமா கிளப்புக்குப் போறேன்.”

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இதே ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒரு வெண்கலமும் வாங்கினாரே, அந்த விளையாட்டுதான். ‘நல்ல விஷயம்தானே!’ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“கிளப்புக்கு வர்ற ஒருத்தர் சொன்னார். இதில் பாதி போட்டா கை கல்லு மாதிரி நிற்குமாம். நீங்க மருந்து தரலேன்னா இதையே குடுத்துடலாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை. இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தையும் குறைக்கும். உண்மைதான். ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்கு இதே மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி, உயிருக்கே உலை வைத்துவிடலாம். போதாக்குறைக்கு, துப்பாக்கி சுடும் விளையாட்டில் இது தடை செய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சூ ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கினார். பரிசோதனையில் இந்த வகை மருந்து தெரிந்ததும் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அட்டையை வாங்கி என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். “லேகியமும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. உங்க கோச்சைப் பார்த்துப் பேசிட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவைத்தேன்.

நாடி பிடித்த கையும் ஆடியது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். கோச் என் கையிலேயே ஒரு பிஸ்டலைக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. அதை ஒரே கையால், தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்க வேண்டும். மறு கையால் தாங்கக் கூடாது. முப்பது வருஷமாக நாடி பிடித்த கை ஐயா இது! பத்து விநாடியில் வெற்றிலைக் கொடி மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது.

கோச் சிரித்தார். “ஒலிம்பிக்ல சுடுறவங்களுக்கும் ஆடும் சார். அவங்களுக்குக் கம்மியா ஆடும், அவ்வளவுதான்.”

காரணம் எளிது. இதயம் துடிக்கும்போதெல்லாம் ரத்தத்தின் தள்ளல் கை வரைக்கும் வருகிறது. மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்குகிறது. எடையைத் தாங்கும் தசைகள் இழுத்தும் விட்டும்தான் வேலை செய்கின்றன. உயிருள்ள உடம்பு அசையத்தான் செய்யும்.

அப்படியானால் எப்படித்தான் குறி தப்பாமல் சுடுகிறார்கள்? ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள்.

குறி அட்டை 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டு கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி கிடைத்துவிடும். இப்போது உங்கள் கை முழுவதும் அப்படியே 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன ஆகும்? குண்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளிப் படும். அப்போதும் பத்துப் புள்ளிதான்!

ஆனால் விசையை வெடுக்கென்று இழுத்து மணிக்கட்டைத் திருப்பிவிட்டீர்களோ, கதையே வேறு. பிஸ்டலின் பின்பக்கம் பள்ளம் வைத்த ஒரு ‘சைட்’, குழல் நுனியில் முன் ‘சைட்’. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 33 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன் சைட் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டர் தூரத்தில் அது 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஏழுதான்!

ஆக, புள்ளியைக் கெடுப்பது கையின் ஆட்டம் அல்ல. ‘ஆடுதே, ஆடுதே... இப்போ நடுவில் இருக்கு, சுட்டுடு!’ என்று மனசு பதறி, விரல் வெடுக்கென்று இழுப்பதுதான். அதற்கு மருந்து பயிற்சிதான்.

முதலில் பாதுகாப்பு

ஏர் பிஸ்டல் விளையாட்டுச் சாமான் அல்ல. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

* குண்டு இல்லை என்று தெரிந்தாலும், குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். வேடிக்கைக்குக்கூட யாரையும் நோக்கி நீட்டக் கூடாது.

* சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

* வீட்டில் பழகும்போது குண்டு டப்பா வேறு அறையில், பூட்டுக்குள் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

* குண்டு பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. காரீயம் உடம்பில் சேர்ந்தால் வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ரேஞ்சில் எதையும் தின்னக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும்.

வீட்டில் தினம் அரை மணி

அந்தக் கோச் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பயிற்சியோடு, உடம்பு சம்பந்தமான என் யோசனைகளையும் சேர்த்துத் தருகிறேன். வாரத்தில் 4 நாள் வீட்டில், 2 நாள் ரேஞ்சில், 1 நாள் முழு ஓய்வு.

உடம்பை இளக்குதல் (5 நிமிடம்): கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று வரிசையாக மெதுவாகச் சுழற்றுங்கள். எடையைத் தாங்கப்போவது தோள். அது சூடேறாமல் பிஸ்டலைத் தூக்கக் கூடாது.

நிற்கப் பழகுதல் (5 நிமிடம்): குறிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கால்களுக்கு இடையே தோள் அகலம். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கட்டும். சும்மா இருக்கிற கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளலாம். பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச், 51 வயதில், பாக்கெட்டில் கை விட்டபடி நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்களே! அது ஸ்டைலுக்காக அல்ல, அந்தக் கை ஆடாமல் இருப்பதற்காக.

இப்போது கண்ணை மூடி, கையைத் தூக்கி, கண்ணைத் திறந்து பாருங்கள். கை குறிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்தால், கையை இழுத்துச் சரி செய்யாதீர்கள். பின் காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். உடம்பே குறியைப் பார்த்து நிற்க வேண்டும்.

தூக்கிப் பிடித்தல் (8 நிமிடம்): பிஸ்டலைத் தூக்கி 10 விநாடி பிடியுங்கள். இறக்கி 40 விநாடி ஓய்வு. இப்படி 8 முறை. விசையைத் தொடவே வேண்டாம். பிஸ்டல் இல்லாதவர்கள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து, சில வாரம் கழித்து ஒரு லிட்டருக்குப் போகலாம். தசை களைத்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வெற்றுச் சுவர்ப் பயிற்சி (10 நிமிடம்): இதுதான் உயிர்நாடி. குண்டில்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதை ‘டிரை பயரிங்’ என்கிறார்கள். எல்லாப் பிஸ்டலிலும் இப்படிச் செய்ய முடியாது. அதற்கான வசதி உங்கள் பிஸ்டலில் இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே குறி வேண்டாம், வெள்ளைச் சுவர் போதும். குறி இல்லாவிட்டால் மனசுக்குப் பதற்றமும் இல்லை!

மூச்சை இழுத்தபடி கையைத் தூக்குங்கள். மூச்சைப் பாதி விட்டபடி மெதுவாக இறக்கி நிறுத்துங்கள். கண் முன் சைட்டை மட்டும் பார்க்கட்டும். அதன் இருபுறமும் வெளிச்சம் சமமாக, மேல்மட்டம் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். பிறகு விசையின் மேல் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். ‘டிக்’ என்ற சத்தம் வரும்போது முன் சைட் துள்ளவில்லை என்றால் அது நல்ல சூடு. சத்தம் வந்த பிறகும் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். இப்படி 20 முறை.

நிறுத்திய பிறகு எட்டுப் பத்து விநாடிக்குள் விசை விழவில்லையா? கையை இறக்கிவிடுங்கள். மூச்சை அதற்குமேல் அடக்கினால் பார்வை மங்கும், ஆட்டம் கூடும். ‘எப்படியாவது சுட்டுவிடுவோம்’ என்று நினைப்பதுதான் பதற்றத்தின் ஆரம்பம். இறக்குவது தோல்வி அல்ல, அதுவும் பயிற்சிதான்.

நோட்டு (2 நிமிடம்): 20-ல் எத்தனை முறை சைட் துள்ளவில்லை? எழுதி வையுங்கள்.

ரேஞ்சுக்குப் போனால்...

முதல் பத்துக் குண்டை அட்டையைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். புள்ளி கணக்கு வேண்டாம். துளைகள் நெருக்கமாக விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பிறகு இருபது குண்டு குறியில். ஒவ்வொன்றையும் சுட்டதும், பார்ப்பதற்கு முன்பே, “வலப்பக்கம் கீழே போயிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். முதல் மாதங்களில் நாளுக்கு 30 குண்டு போதும்.

போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். ஒன்றுக்குச் சராசரி 75 விநாடி. அவசரமே இல்லை, பார்த்தீங்களா?

உணவும் உறக்கமும்

போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி மாதிரி எளிதில் செரிக்கும் உணவு. பட்டினியாகப் போனாலும் கை நடுங்கும். பழக்கமில்லாத பிள்ளைக்குத் ‘தெம்பாக இருக்கட்டும்’ என்று காபி கொடுக்காதீர்கள், நடுக்கத்தைக் கூட்டிவிடும். முந்தின இரவு நல்ல உறக்கம் அவசியம். எண்ணெய்க் குளியல் நல்லதுதான், ஆனால் போட்டியன்று வேண்டாம், அசத்தும். தோள் களைப்புக்கு இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் விட்டால் இதமாக இருக்கும்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகள் எந்த மருந்தையும் டாக்டரிடம் ‘நான் விளையாட்டு வீரர்’ என்று சொல்லாமல் சாப்பிடக் கூடாது. எங்கள் சித்த மருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடி, லேகியம் எதுவும் வேண்டாம்.

கை சும்மா இருக்கும்போதே நடுங்குகிறதா? கூடவே படபடப்பு, அதிக வியர்வை, உடல் இளைப்பு இருக்கிறதா? தைராய்டுக் கோளாறாக இருக்கலாம், பரிசோதியுங்கள். இழுப்புக்கு உறிஞ்சும் மருந்துகள் சிலவும் கொஞ்ச நேரம் கையை நடுங்க வைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. இறக்குமதிப் பிஸ்டல் விலை லட்சத்தைத் தாண்டும். எடுத்ததும் வாங்காதீர்கள், ஆறு மாதம் கிளப் பிஸ்டலிலேயே பழகட்டும். பிள்ளை ரேஞ்சை விட்டு வெளியே வந்ததும் “எவ்வளவு ஸ்கோர்?” என்று கேட்காதீர்கள். விரலை வெடுக்கென்று இழுக்க வைப்பது பல சமயம் அந்தக் கேள்விதான்.

அந்தப் பெண் நாலு மாதம் கழித்து வந்தாள். போட்டியில் பதக்கம் இல்லை. ஆனால் நோட்டைக் காட்டினாள். அன்றைக்குச் சுட்ட இருபதில் பதினாலு, அவள் சொன்ன இடத்திலேயே பட்டிருந்தது.

“கை இன்னும் ஆடுதா பாப்பா?”

“ஆடுது டாக்டர். ஆடட்டும்!” என்றாள்.

பக்கத்தில் நின்ற அப்பா ஸ்கோரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மாத்திரையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.