ஃபர்னஸ் எந்தப் படியில் நின்றது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான தனி வீடுகளுக்கு வெப்பம் நிலவறையிலிருந்துதான் ஏறி வருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி நிற்கும். இயற்கை எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி, தகரக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பும் ஃபர்னஸ் அது. ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டாம். ஜனவரி இரவில், வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது அது ஓசையடங்கிப் போனால் என்ன ஆகும் என்றும் அவர்களுக்குத் தெரியும். சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். அப்படியே விட்டால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும்.

ஃபர்னஸ் தொடங்காவிட்டால், ‘போச்சு, பெட்டியையே மாற்ற வேண்டும்’ என்று மனம் பதறும். உண்மையில், தொடங்க மறுக்கும் ஃபர்னஸ் பல நேரம் தன் கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் எரிவாயுவைத் திறந்துவிட்டு நெருப்பு வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் அத்தாட்சி கேட்டு, அது கிடைத்த பிறகே அடுத்த படிக்குப் போகும்படி இந்த இயந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். அத்தாட்சி எங்கே கிடைக்கவில்லையோ அங்கேயே நின்றுவிடும். எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கக் கருவிப்பெட்டி வேண்டாம், காது போதும். தெர்மோஸ்டாட்டை இரண்டு மூன்று டிகிரி கூட்டிவிட்டு, நிலவறைக்கு இறங்கிப்போய்ப் பெட்டியருகே நின்று கேட்க வேண்டும்.

வெப்பம் கேட்பது தெர்மோஸ்டாட். அறைக் குளிரை உணர்ந்து, 24 வோல்ட் மின்சாரம் ஓடும் இரண்டு மெல்லிய கம்பிகளை அது இணைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இந்தக் கருவியின் முன்னோடிக்கு 1883இல் காப்புரிமை வாங்கியவர் வாரன் ஜான்சன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்ச் சூட்டைப் பார்த்துவிட்டு, கீழே வந்து உலையைத் திருத்துவது அக்காலத்தில் அங்கே ஊழியரின் வேலை. பாடத்தின் நடுவே கதவு திறப்பதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு நாம் இந்த அளவுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

தெர்மோஸ்டாட் கேட்டும் கீழே ஒரு சிறு சத்தம்கூட இல்லையென்றால், கோளாறு நெருப்பில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் சிரிப்பூட்டும் அளவுக்கு எளியவை. தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கலாம். ஃபர்னஸுக்குப் பக்கத்திலோ நிலவறைப் படிக்கட்டின் தலைமாட்டிலோ ஒரு சுவிட்ச் உண்டு. பார்வைக்கு விளக்கு சுவிட்ச் மாதிரியே இருப்பதால், அரிசி மூட்டை எடுக்கப் போனவர் விளக்கென்று நினைத்து அணைத்துவிட்டு வந்திருப்பார். முன்பக்கத் தகரக் கதவையும் மறக்கக் கூடாது. அதன் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. கதவு சரியாகப் பொருந்தி அதை அழுத்தாவிட்டால் முழு இயந்திரத்துக்கும் மின்சாரம் போகாது. ‘நேற்றுத்தான் ஃபில்டர் மாற்றினோம், இன்றைக்கு நின்றுவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்தக் கதவைத்தான் சந்தேகப்படுவேன்.

எரிவாயுவில் ஓடும் பெட்டிக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2013 டிசம்பரில் டொராண்டோவைத் தாக்கிய பனிக்கட்டிப் புயல் அதற்கு விடை சொன்னது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் கனம் தாங்காமல் மின்கம்பிகள்மேல் முறிந்து விழ, நகரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கிறிஸ்துமஸ் வாரம். குழாயில் எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது. ஃபர்னஸ்கள் ஊமையாகக் கிடந்தன. கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களால் தீயணைப்புத் துறைக்குக் கார்பன் மோனாக்சைடு அழைப்புகள் குவிந்தன.

மின்சாரம் சரியாக இருந்தால் முதலில் கேட்பது ஒரு மெல்லிய ரீங்காரம். அது இன்டியூசர் என்ற சிறு விசிறி. நெருப்புக்கு முன்பே அது சுழன்று, உள்ளே தங்கியிருக்கும் பழைய புகையையும் கசிந்த வாயுவையும் வெளியே உறிஞ்சித் தள்ளுகிறது. ஆனால் விசிறி சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஃபர்னஸ் வாயுவைத் திறக்காது. புகை நிஜமாகவே வெளியேறுகிறதா? அதைப் பார்த்துச் சொல்ல ப்ரெஷர் சுவிட்ச் இருக்கிறது. ஒரு வட்டப் பெட்டிக்குள் மெல்லிய சவ்வு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். விசிறி உறிஞ்சும்போது அழுத்தம் குறைந்து சவ்வு உள்ளிழுக்கப்பட்டால்தான் சுவிட்ச் மூடும். ரீங்காரம் கேட்கிறது, ஒரு நிமிடம் ஆகியும் வேறெதுவும் நடக்கவில்லை என்றால் வண்டி இங்கேதான் நிற்கிறது. குளிர்நாட்டு ஃபர்னஸ் கோளாறுகளில் மிகச் சுவையான பகுதியும் இதுதான்.

முதல் காரணத்தை வெளியே தேட வேண்டும். புதிய வகை ஃபர்னஸ்களுக்குச் செங்கல் புகைபோக்கி கிடையாது. வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்க, இன்னொன்று புகையை விட. இரவெல்லாம் பனி கொட்டி, காற்று அதைச் சுவரோரம் குவித்தால் இரண்டும் புதைந்துபோகும். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கையால் பனியை விலக்கிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. சில வீடுகளில் குருவிக்கூடோ குளவிக்கூடோ கோடையிலேயே குடிபுகுந்திருக்கும்.

அடுத்த காரணம் தண்ணீர். நெருப்பு எரியும் பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வரும்? இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் உண்டாகும் நீரின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பழைய ஃபர்னஸ்கள் அதை ஆவியாகவே புகைபோக்கியில் விட்டுவிட்டன. ஆவியோடு கணிசமான சூடும் வெளியே போனது. கனடாவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள், எரிபொருளின் சக்தியில் குறைந்தது 95 சதவீதத்தை வீட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரே வழி, புகையை இரண்டாவது வெப்பப் பரிமாற்றியில் இன்னும் குளிரவைத்து, நீராவியைத் தண்ணீராக்கி, ஆவி அடக்கிவைத்திருந்த சூட்டையும் பிடுங்கிக்கொள்வது. புகை அவ்வளவு ஆறிவிடுவதால்தான் பிளாஸ்டிக் குழாயே தாங்குகிறது.

பிடுங்கிய சூட்டுக்கு விலை, சொட்டுச் சொட்டாக வடியும் லேசான அமில நீர். ஒரு வளைகுழாய் வழியே அது தரை வடிகாலுக்குப் போகிறது. வளைவில் பாசியும் தூசும் அடைத்தால், அல்லது குழாய் குளிரான மூலையில் உறைந்தால், தண்ணீர் பின்வாங்கி உள்ளே தேங்கும். புகைப்பாதை அடைபடும், சவ்வு அசையாது, நெருப்பு வராது. நெருப்பு வராத குற்றத்தை எல்லோரும் வாயுமேல் போட்டுக்கொண்டிருக்க, குற்றவாளி கால்விரல் கனமுள்ள ஒரு வடிகுழாய்.

‘ப்ரெஷர் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கிவிட்டால் ஓடுமே’ என்று யோசனை சொல்லும் அறிவாளி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஓடும்தான். புகை வீட்டுக்குள் தங்கும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு பரவி ஹாக்கின்ஸ் என்ற குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது மாகாணமெங்கும் கட்டாயமானது.

புகைவழி திறந்திருக்கிறது என்று உறுதியானதும் இக்னைட்டர் விழிக்கிறது. இப்போதைய ஃபர்னஸ்களில் எப்போதும் எரியும் பைலட் சுடர் இல்லை. சிலிக்கன் கார்பைடாலோ சிலிக்கன் நைட்ரைடாலோ ஆன சிறு பட்டை மின்சாரத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுத்து ஒளிரும். பார்வை ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம் தெரியாவிட்டால் அநேகமாகப் பட்டையில் கீறல் விழுந்திருக்கும், மாற்ற வேண்டியதுதான். சில ஆண்டுகளில் தேயும் பொருள் அது.

பட்டை பழுத்த பிறகு ‘டிக்’ என்று வால்வு திறக்கும். புஸ்ஸென்று நீலச் சுடர். சில நொடிகள் எரிந்துவிட்டுத் தானே அணைகிறது, மறுபடி முயல்கிறது, மறுபடி அணைகிறது. இதைக் கண்டால் ஃபிளேம் சென்சாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் உலோகக் குச்சி அது. இந்த இயந்திரத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த உறுப்பு.

சுடரில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால், நெருப்பு சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். குச்சிக்கு மாறுதிசை மின்சாரம் தருகிறார்கள். குச்சி சிறியது, எதிரே உள்ள பர்னரின் உலோகப் பரப்பு பெரியது. ஆகவே சுடர் வழியே ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் தயங்கியும் மின்சாரம் ஓடுகிறது. மாறுதிசையில் போனது ஒருதிசையாகித் திரும்புகிறது. கம்பி எங்காவது தகரத்தில் பட்டுவிட்டாலும் மின்சாரம் ஓடும். ஆனால் அது மாறுதிசையிலேயே ஓடும். ஒருதிசையாக மாற்ற நெருப்பால்தான் முடியும். அதனால் ஃபர்னஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை ஏமாற்ற வழியில்லை. அது தேடும் மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு அதில் சில பங்கு.

அவ்வளவு நுண்மையான சாட்சிக்குக் குச்சியின்மேல் படியும் மெல்லிய படலமே போதும், வாய் அடைத்துவிடும். நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். பலகைக்கு மட்டும் தெரியாது. எரியாத வாயு வீட்டில் நிரம்புகிறது என்று எடுத்துக்கொண்டு வால்வை மூடிவிடும். மின்சாரத்தை அணைத்து, ஒரே ஒரு திருகைக் கழற்றி, குச்சியை உருவி, மெல்லிய எஃகு நாரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். கைப்பழக்கம் உள்ளவருக்குப் பத்து நிமிட வேலை.

சுடர் நிலைத்து, அறைகளுக்குக் காற்றை அனுப்பும் பெரிய விசிறியும் ஓடத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நெருப்பு மட்டும் அணைந்தால் ஃபில்டரைப் பாருங்கள். தூசு அடைத்த ஃபில்டர் காற்றை விடாது. சூட்டை அள்ளிச் செல்லக் காற்றில்லாமல் பெட்டி கொதிக்கும். சூடு மிஞ்சுவதைக் கவனிக்கும் லிமிட் சுவிட்ச் நெருப்பைத் துண்டிக்கும்.

சில முயற்சிகள் தோற்றதும் ஃபர்னஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பூட்டு விலகும். ஒருமுறை செய்து பார்க்கலாம். திரும்பத் திரும்பச் செய்வது அதன் எச்சரிக்கையை வாயடைப்பதாகும். பலகையில் மினுங்கும் சிறு விளக்கைப் பாருங்கள். இத்தனை முறை மினுங்கினால் இன்ன கோளாறு என்ற அட்டவணை பெரும்பாலும் கதவின் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வாசனையற்ற எரிவாயுவில் அதற்காகவே சேர்த்த நாற்றம் அது. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தெருவில் நின்று அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வாயு வால்வையும் எரிகலத்தையும் வீட்டுக்காரர் திறக்கக் கூடாது. ஒன்டாரியோவில் அதற்கு ஜி2, ஜி1 உரிமம் பெற்ற தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. “அண்ணை, ஹீற் வரேல்லை, கொஞ்சம் வந்து பாருங்கோ” என்று மட்டும் சொன்னால் அவர் ஒன்றும் தெரியாமல்தான் வருவார். ‘இன்டியூசர் ஓடுகிறது, இக்னைட்டர் பழுக்கவில்லை, விளக்கு மூன்று முறை மினுங்குகிறது, வெளிக்குழாயில் பனி இல்லை’ என்று சொல்லுங்கள். தேவையான உதிரியை வண்டியில் ஏற்றிக்கொண்டே புறப்படுவார்.